கிளிநொச்சியிலிருந்து கொழும்புவரை வாசிக்க எந்த ரோல்பிளேயிங் நூல்?

அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. தொழிற்பயிற்சிக்காக இரண்டு கிழமைக்கு ஒருமுறை கொழும்புக்குப் போய்வருகிறார். போவது புகையிரதத்தில், திரும்புவது இரவு பஸ்ஸில். கையில் ஆறரை அங்குலத் திரையுள்ள தொலைபேசியும் எட்டு அங்குல டப் ஒன்றும் இருக்கின்றன. ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பேசியும் பகடை உருட்டியும் சேர்ந்து ஒரு கதையை நடத்தும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளை நண்பர்களோடு இரண்டு தடவை ஆடிப் பார்த்ததில் அவற்றில் விருப்பம் வந்துவிட்டது. ஆனால் விதிநூல் எதையும் முழுமையாக வாசித்ததில்லை. பயண நேரத்தில் வாசிப்பதற்கு எந்த டிஜிட்டல் நூல்களை வாங்கலாம் என்று கேட்கிறார்.

மேசையில் விரித்துவைத்து ஆடுவதற்கு நல்ல நூலும் வழியில் இருந்து வாசிப்பதற்கு நல்ல நூலும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. பெயர்பெற்ற நூலை வாங்கிக்கொண்டு புறப்படும் பலர் முறிகண்டி தாண்டுவதற்குள் அதை மூடிவைத்துவிடுவதற்குக் காரணம் அவர்களுடைய ஆர்வக்குறைவு அல்ல. அந்த நூல் அப்படி வாசிப்பதற்காக எழுதப்படவில்லை என்பதுதான். ஆகவே வாங்குவதற்கு முன் இரண்டு விடயங்களைப் பாருங்கள்: அதன் பக்கம் உங்கள் திரைக்குப் பொருந்துமா, அதை முதற்பக்கத்திலிருந்து தொடர்ச்சியாக வாசிக்க முடியுமா. நூலின் புகழ் இவற்றுக்குப் பின்னால்தான் வரவேண்டும்.

பக்க அளவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். பெரிய ரோல்பிளேயிங் நூல்களில் மிகப் பல எட்டரை அங்குல அகலமும் பதினோர் அங்குல உயரமும் கொண்ட பக்கத்தில், செய்தித்தாளில்போல அருகருகே இரண்டு பத்திகளாக அச்சுக்கோக்கப்பட்டவை. எட்டு அங்குல டப் ஒன்றை நிமிர்த்திப் பிடித்தால் அதன் திரை அகலம் ஏறத்தாழ நான்கேகால் அங்குலம் மட்டுமே. முழுப்பக்கத்தையும் அதற்குள் அடக்கும்போது எழுத்து பாதியாகச் சுருங்கி, பத்துப் பொயின்ட்டில் அச்சான எழுத்து ஐந்து பொயின்ட்டாகிவிடுகிறது. தொலைபேசியில் அது மூன்று பொயின்ட்தான். பெரிதாக்கி வாசிக்கலாம் என்று நினைப்பீர்கள். ஆனால் இரண்டு பத்திகள் இருப்பதால், இடது பத்தியின் அடிவரை இறங்கி, மீண்டும் மேலே ஏறி, வலது பத்தியைப் பிடித்து இறங்க வேண்டும். ஆடி ஆடிப் போகும் பெட்டிக்குள் இருந்துகொண்டு இதை இருபது பக்கங்களுக்குச் செய்தால் கண்ணும் கையும் களைத்துவிடும், வாசித்தது எதுவும் மனதில் நிற்காது.

இதற்கு மாறாக, ஏ5 அளவிலோ ஆறங்குல அகலமும் ஒன்பதங்குல உயரமும் கொண்ட அளவிலோ, ஒற்றைப் பத்தியாக அமைந்த நூலை எடுத்துப் பாருங்கள். ஏ5 தாளின் அகலம் ஆறங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. உங்களுடைய ஆறரை அங்குலத் தொலைபேசியைப் படுக்கைவாட்டில் பிடித்தால் அதன் அகலமும் ஏறத்தாழ அதேதான். அதாவது, பக்கத்தின் அகலத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்திவிட்டால், எழுத்து அச்சு நூலில் இருக்கும் அதே அளவில் தெரியும். ஒரு நேரத்தில் பக்கத்தின் மூன்றில் ஒரு பங்குதான் தெரியும். ஆனால் பெருவிரலால் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே போனால் போதும், பக்கவாட்டில் அலைய வேண்டியதில்லை. டப்பில் இன்னும் சுகம்: படுக்கைவாட்டில் எழுத்து அச்சிலும் சற்றுப் பெரிதாகவே வரும். விற்பனைப் பக்கத்தில் இருக்கும் மாதிரிப் பக்கங்களைத் திறந்து பத்திகளை எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாமல் எதையும் வாங்க வேண்டாம்.

இரட்டைப் பத்தி நூல் ஏற்கெனவே கையில் இருக்கிறதென்றால், கோரீடர் என்னும் இலவசச் செயலியில் பத்திகளைப் பிரித்து எழுத்தை மீள ஓடவிடும் வசதி உண்டு. தொடர்ச்சியான உரைக்கு அது நன்றாகவே உதவும். அட்டவணைகளையும் பெட்டிச் செய்திகளையும் குழப்பிவிடும். இந்த வகை நூல்களில் அட்டவணைகள் அதிகம் என்பதால், அதை அவசரத்துக்கு உதவும் வழியாக மட்டுமே கருதுகிறேன். நூல் ஈபப் வடிவிலும் கிடைக்குமானால் இந்தச் சிக்கலே இல்லை, ஏனெனில் ஈபப் எழுத்து திரைக்கேற்பத் தானே மடிந்துகொள்ளும்.

அடுத்தது, வாசிக்கத்தக்க நூலா என்ற கேள்வி. 1974 இல் முதன்முதலில் வெளிவந்து இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் வழிதிறந்த டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் பெயரைத்தான் முதலில் எல்லோரும் கேட்பார்கள். அதன் ஐந்தாம் பதிப்பின் மூன்று அடிப்படை நூல்களும் ஒவ்வொன்றும் முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்டவை. அவை பிடிஎஃப் கோப்புகளாக விற்கப்படுவதில்லை, டி அன்ட் டி பியொன்ட் போன்ற இணையத் தளங்களின் ஊடாகவே வாசிக்க முடியும். அதே விளையாட்டின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில், எவரும் பாவிக்கவும் பகிரவும் இடந்தரும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ் இலவசமாக வெளியிடப்பட்டது. ஆனால் அந்தத் தொகுப்பு ஏறத்தாழ நானூறு பக்கங்கள் கொண்டது. மந்திரங்கள் அகரவரிசையில், அரக்கர்கள் அகரவரிசையில் என்று போகும் ஒரு நோக்கீட்டு நூல் அது. தேவைப்படும்போது ஓரிடத்தைத் தேடி எடுக்க மிக நல்லது. ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் இடையில் இருந்து தொடர்ச்சியாக வாசிப்பது அகராதியை வாசிப்பதற்கு ஒப்பானது. அதே வகையைச் சேர்ந்த பாத்ஃபைண்டர் என்னும் விளையாட்டின், 2019 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பின் மைய நூல் 640 பக்கங்கள். அதற்கும் இதே தீர்ப்புத்தான். அவை தாழ்ந்த நூல்கள் என்று சொல்லவில்லை. அவற்றுக்கு மேசையும், பக்கத்தில் ஒரு கொப்பியும், குறைந்தது மூன்று நண்பர்களும் வேண்டும்.

வழியில் வாசிக்க முதலாவதாக நான் சொல்வது கெயர்ன். யோக்காய் கால் எழுதி 2020 இல் வெளியிட்ட இந்தச் சிறு நூல் இலவசமாகக் கிடைக்கிறது. முதற்பதிப்பு இருபது சொச்சப் பக்கங்கள்தான். பெருங்காட்டின் விளிம்பில் வாழும் மனிதர்கள் அந்தக் காட்டுக்குள் போவதுதான் அதன் உலகம். பாத்திரத்துக்கு மூன்றே மூன்று ஆற்றல்கள், போர்வீரர், மந்திரவாதி என்பது போன்ற தொழில்வகுப்புகள் கிடையாது, என்ன சுமக்கிறாயோ அதுவே நீ என்பதுபோல, பத்து இடங்களுக்குள் அடங்கும் பொருட்கள்தான் ஒருவரை மற்றவரிடமிருந்து வேறுபடுத்துகின்றன. சண்டையில் அடி படுமா படாதா என்று பகடை உருட்டுவதில்லை. அடி பட்டே தீரும், எவ்வளவு காயம் என்பதை மட்டுமே உருட்டுகிறார்கள். இந்த ஒரு விதியை வாசித்துவிட்டு யன்னல் வழியே புளியங்குளத்துக் காட்டைப் பார்த்துக்கொண்டு யோசித்தால், சண்டையைத் தேடிப் போவது ஏன் மடமை, பேசியும் ஒளிந்தும் தப்புவது ஏன் அறிவு என்பது தானாகவே விளங்கிவிடும். விதி குறைவாக இருப்பதால் முழு விளையாட்டும் தலைக்குள் அடங்குகிறது. நூலை மூடிய பின்பும் அதைப் பற்றி யோசிக்க முடிகிறது. பயண வாசிப்புக்கு இதைவிடப் பெரிய தகுதி வேறொன்றையும் நான் அறியேன். 2024 இல் வந்த இரண்டாம் பதிப்பு ஆடுவோருக்கு ஒன்றும் நடத்துவோருக்கு ஒன்றுமாக இரு நூல்களாக விரிந்திருக்கிறது. முதற்பதிப்பை முடித்துவிட்டு அதற்குப் போங்கள்.

இரண்டாவது அயர்ன்ஸ்வோர்ன். ஷோன் டொம்கின் 2018 இல் வெளியிட்ட இந்நூலின் பிடிஎஃப் கோப்பும் இலவசம். இதன் சிறப்பு, கதையை நடத்திச் செல்லும் கேம் மாஸ்டர் இல்லாமல் ஒருவர் தனியாகவே ஆடலாம் என்பது. பாத்திரம் இரும்பைத் தொட்டு ஒரு சத்தியம் செய்கிறது. அந்தச் சத்தியத்தை நிறைவேற்றப் படும் பாடுதான் கதை. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்து, அதைச் செலுத்தும்வரை மனம் ஆறாத பெரியவர்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்த அமைப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்து என்ன நடக்கிறது என்று தெரியாத இடத்தில், நூலில் உள்ள குறிகேட்கும் அட்டவணைகளில் இலக்கம் பார்த்துப் பதிலை நாமே பொருள்கொள்கிறோம். நூல் சிறிதல்ல, இருநூறு பக்கங்களைத் தாண்டும். ஆனால் எழுத்து நடை தெளிவானது, ஒவ்வோர் அத்தியாயமும் முன்னையதன்மேல் கட்டப்பட்டிருக்கிறது. முதற் பயணத்தில் வாசித்து, இரண்டாம் பயணத்தில் ஆடத் தொடங்கலாம்.

ஆடுவதற்குப் பகடை வேண்டுமே என்றால், ஓடும் புகையிரதத்தில் பகடை உருட்டுவது இருக்கைக்கு அடியில் தேடுவதில்தான் முடியும். பகடைச் செயலிகள் உண்டு. அவையும் வேண்டாமென்றால், தொலைபேசியிலுள்ள ஸ்டொப்வொட்சை ஓடவிட்டு, பார்க்காமல் நிறுத்துங்கள். கடைசி இலக்கம் பூச்சியத்திலிருந்து ஒன்பதுக்குள் வரும். அது பத்துமுகப் பகடை. கடைசி இரண்டு இலக்கங்களைச் சேர்த்து வாசித்தால் நூறுக்குரிய பகடை. ஆறுமுகப் பகடை வேண்டுமானால் ஒன்றிலிருந்து ஆறுவரை வந்தால் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை விட்டுவிட்டு மீண்டும் நிறுத்துங்கள். அயர்ன்ஸ்வோர்னில் ஒரு செயலுக்கு இரண்டு பத்துமுகப் பகடைகளும் ஓர் ஆறுமுகப் பகடையும் வேண்டும். முதல் நிறுத்தத்தின் இரண்டு இலக்கங்களிலேயே முன்னவை இரண்டும் கிடைத்துவிடும். நான் இப்படித்தான் ஆடுகிறேன். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் தொல்லை இல்லை.

திரும்பும் இரவு பஸ்ஸுக்கு வேறு வகை நூல் வேண்டும். விளக்கை அணைத்துவிடுவார்கள், பாட்டுப் போடுவார்கள், தூக்கம் வந்து வந்து போகும். நீண்ட அத்தியாயம் அங்கே சரிவராது. இலக்கமிட்ட சிறு பந்திகளாக அமைந்து, ஒவ்வொரு பந்தியின் முடிவிலும் நீங்கள் எடுக்கும் தெரிவுக்கேற்ப வேறொரு இலக்கத்துக்கு அனுப்பும் தனியாள் சாகச நூல்கள் இதற்கென்றே பிறந்தவை போன்றவை. எந்தப் பந்தியில் தூங்கினாலும் அந்த இலக்கத்தை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும். ஜோ டெவர் 1984 இல் தொடங்கிய லோன் வுல்ஃப் வரிசை, அவருடைய அனுமதியுடன் புரொஜெக்ட் ஏயோன் என்னும் தன்னார்வத் திட்டத்தினால் இணையத்தில் இலவசமாக வெளியிடப்பட்டிருக்கிறது. அந்த நூல்களுக்குப் பகடையே தேவையில்லை. பூச்சியம் முதல் ஒன்பதுவரையான எண்களைக் கொண்ட அட்டவணை நூலிலேயே இருக்கிறது. முதல் நூலிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் ஒரு நூலில் பெற்ற திறமைகளையும் பொருட்களையும் அடுத்த நூலுக்குக் கொண்டுபோக முடியும்.

இன்னொன்று, 1981 முதல் வெளிவரும் கால் ஒஃப் கதுல்ஹு என்னும் அமானுஷ்யத் துப்பறியும் விளையாட்டின் தனியாள் சாகசமான அலோன் அகெய்ன்ஸ்ட் த ஃபிளேம்ஸ். கேயோசியம் வெளியீட்டகம் இதை இலவசமாகத் தருகிறது. கதை தொடங்குவதே பஸ் பயணத்தில்: வேலைக்காக வேற்றூருக்குப் போகும் ஒருவர், இடையில் ஒரு கிராமத்தில் இராத்தங்க நேர்கிறது. விதிகளை முன்கூட்டிக் கற்க வேண்டியதில்லை. கதை போகப்போகப் பாத்திரத்தையும் விதிகளையும் சேர்த்தே கட்டித் தருகிறது. விதிநூலை முழுதாக வாசித்திராத உங்களுக்கு இதைவிட நல்ல வாசல் கிடைப்பது கடினம். அதன் நூறுக்குரிய பகடைக்கு ஸ்டொப்வொட்ச் அப்படியே பொருந்தும். பயங்கரக் கதை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். இரவு பஸ்ஸில் அது உங்களுக்குச் சரிவருமா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

நண்பர்களுக்கு நீங்களே விளையாட்டை நடத்த விரும்பினால், 2013 இல் வெளிவந்த ஃபேட் கோர் என்னும் விதிநூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் கோப்பை விரும்பிய விலைக்கு எடுக்கலாம். அச்சளவு சிறியது, பத்தி ஒன்று. கேம் மாஸ்டர் எப்படிக் கேள்வி கேட்டுக் கதையை நகர்த்த வேண்டும் என்பதை இவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தரும் நூல்கள் அதிகம் இல்லை. ஒரு பாத்திரத்தின் இயல்பை ஒரே வாக்கியமாக எழுதி, அந்த வாக்கியத்தையே விதியாகப் பாவிக்கும் முறை அதில் இருக்கிறது. அந்தப் பகுதியை வாசித்த பிறகு கொப்பியை எடுத்து உங்களுக்குத் தெரிந்த கதைமாந்தர்களுக்கு அப்படி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். பண்டாரவன்னியனுக்கு நான் எழுதிய வாக்கியத்தை ஐந்து தடவை மாற்றியிருக்கிறேன். முழு நூலுக்கு நேரமில்லையென்றால் அதன் சுருக்கமான ஃபேட் அக்ஸிலரேட்டட் ஐம்பது பக்கங்களுக்குள் முடிந்துவிடும்.

நூல்களை எங்கே எடுப்பது என்பதில் சொல்ல அதிகம் இல்லை. டிரைவ்துரூஆர்பிஜி என்னும் கடையில் பிடிஎஃப் நூல்களில் பெரும்பாலானவை கிடைக்கும். அங்கே வாங்கும் கோப்புகள் பொதுவாகப் பூட்டப்பட்டவை அல்ல, வாங்கியவரின் பெயர் பக்க அடியில் பொறிக்கப்பட்டிருக்கும், ஆகவே உங்களுடைய தொலைபேசியிலும் டப்பிலும் ஒரே கோப்பை வைத்துக்கொள்ளலாம். டொலரில் பணம் செலுத்தும் அட்டை எல்லா மாணவரிடமும் இருப்பதில்லை என்பதும், அதனால் குழுக்களில் சுற்றும் திருட்டுக் கோப்புகளை எடுத்துவிடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பயணத்துக்கென்று மேலே நான் பரிந்துரைத்தவற்றில் ஒன்றுக்குக்கூடக் கட்டாய விலை இல்லை. எழுதியவர்களே மனமுவந்து தரும்போது களவெடுப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. பழைய பதிப்புகளை வாங்குவதாக இருந்தால், அவை பழைய தாள்களை வருடி எடுத்த படங்களாக இருக்கலாம், எழுத்துத் தேடலும் சரியாக இயங்காது என்பதை மறக்க வேண்டாம்.

புறப்படுவதற்கு முதல் நாள் கோப்பை முழுமையாகத் தரவிறக்கி, தரவு இணைப்பை நிறுத்திவிட்டு, கடைசிப் பக்கம்வரை திறந்து பாருங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை என் நூலகச் செயலியில் ஆறு நூல்களின் அட்டைகளும் வரிசையாகத் தெரிந்தன. எல்லாம் இறங்கிவிட்டன என்று நம்பிப் புறப்பட்டேன். மாங்குளம் தாண்டி அலைவரிசை விட்டுப்போனதும் திறந்து பார்த்தால், இறங்கியிருந்தவை அட்டைகள் மட்டுமே. அன்று வவுனியாவரை கச்சான் மட்டும்தான் துணை. அத்துடன், பின்னணி ஓவியங்கள் நிறைந்த கோப்பு நூறு மெகாபைட்டைத் தாண்டும்போது பழைய டப்பில் பக்கம் திரும்பத் தாமதமாகும், மின்கலமும் விரைவாக இறங்கும். அச்சிடுவதற்கென்று ஓவியமின்றித் தரப்படும் எளிய பிரதி இருந்தால் அதையே எடுத்துச் செல்லுங்கள். இரவில் வெள்ளைப் பக்கத்தைக் கறுப்பாக மாற்றி வாசிப்பது உங்கள் கண்ணுக்கும் பக்கத்தில் தூங்குபவருக்கும் நல்லது.

நான் சொன்ன நூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. வாசிக்கும்போதே கொப்பியில் கலைச்சொற்களைத் தமிழில் எழுதிக்கொண்டு போவது நல்ல பழக்கம், ஏனெனில் வீட்டுக்கு வந்து நண்பர்களோடு ஆடும்போது நாம் பேசப்போவது தமிழில். எங்கள் குழுவில் கேம் மாஸ்டரை அண்ணாவியார் என்று அழைக்கிறோம்: கூத்துக் களரியில் முழுப் பிரதியையும் மனதில் வைத்துக்கொண்டு, ஆடுபவரை முன்னே விட்டுத் தான் பக்கத்தில் நின்று நடத்துபவருக்கு உள்ள பெயர் அதற்கு அப்படியே பொருந்துகிறது. கெயர்னின் உரிமம், மூலத்தைச் சொல்லி அதே உரிமத்தில் வெளியிடும் எவருக்கும் மொழிபெயர்க்க அனுமதி தருகிறது. அதன் விதிப்பகுதியை யாழ்தேவியில் போய்வந்த நாட்களில் சிறிது சிறிதாகத் தமிழாக்கியிருக்கிறேன். சண்டைப் பகுதியும் பொருட்பட்டியலும் முடிந்துவிட்டன, மந்திரங்களின் பெயர்கள்தான் இன்னும் சரியாக அமையவில்லை. நீங்கள் ஆங்கில மூலத்தை வாசித்து முடித்ததும் சொல்லுங்கள், அந்தப் பிரதியை அனுப்புகிறேன். பெயர்களை இருவருமாக இருந்து பார்க்கலாம்.